மாரிகாலத்து மனையும் மழலை விளையாட்டும்

மட்டக்களப்பு நாட்டில் ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும்போது வாடைக்காற்று மாரியைக் கொண்டுவரும். ஆண்டு முழுவதும் இந்நாடு பெறும் மழையிற் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை ஆகிய திங்கள்களை ஒட்டியே பெய்துவிடுகின்றது. அக்காலத்தில் வாவி கரைதொட்டு நிற்கும். எழுவான்கரையின் மணல் வளவுகளில் நீர் ஊறும். படுவான்கரையின் ஊர்ப்பாதைகள் வயலோடு வயலாக மூழ்கும். உழவனுக்கு இது பெரும்போகப் பயிர் வளருங் காலம். பள்ளிச் சிறுவருக்கு ஆண்டிறுதி விடுமுறைக் காலம். ஆனால், தவழும் குழவிக்கும் தளர்நடை பயிலும் மகவுக்கும் இது மனையினுள்ளே அடைபட்டிருக்கும் காலமாகும். முற்றத்து மணலும், அதிலே மேயும் கோழியும், வேலியோரத்துப் பூவும் கைக்கெட்டாதனவாகிவிட, நான்கு சுவர்களுக்குள்ளே நாள் முழுவதையும் கழிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு நேர்கின்றது.

வெளியே செல்லவியலாத குழந்தை சிணுங்குவதும், சிணுங்கும் குழந்தையை அமர்த்துதற்குத் தாய் வழிதேடுவதும் இயல்பு. அடுப்பில் உலை கொதிக்கின்றது. உலராத துணிகள் கொடியிற் கிடக்கின்றன. கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் நடந்து கால் ஓய்ந்துவிட்டது. இந்த நெருக்கடியிலே இற்றைநாட் பெற்றோர் பலர் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. கைத்தொலைபேசியில் அசையும் படமொன்றை ஓடவிட்டுப் பிள்ளையின் கையிற் கொடுத்தலே அது. பிள்ளை அமைதியாகிவிடுகின்றது; வேலையும் நடந்தேறுகின்றது. எனினும், பிள்ளையை மகிழ்வித்தல் என்பதும் பிள்ளையை அமைதியாக்குதல் என்பதும் ஒன்றா என்பது ஆராய்தற்குரியது. அவ்விரண்டும் வேறு என்பதையும், சிறு மகவு விளையாட்டில் நாடுவது பொருளையன்று, தன் செய்கைக்கு மறுமொழி தரும் மனிதரையே என்பதையும் பழைய வழக்கங்களும் புதிய ஆராய்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

மட்டக்களப்பு மனையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். இப்பகுதியிலே தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்குதலும், திருமணத்தின்பின் மருமகன் பெண்வீட்டில் வந்து வாழ்தலும் நெடுங்கால வழக்கு. தாய்வழியாக எண்ணப்படும் குடிமுறையும் இவ்வழக்கோடு இயைந்தது. ஆகவே, இந்நாட்டிற் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் தாயின் தாயுடைய அரவணைப்பிலேயே வளர்கின்றது. பெத்தம்மா என்றும் அம்மம்மா என்றும் உம்மம்மா என்றும் அழைக்கப்பெறும் அம்மூதாட்டியே பன்னெடுங்காலமாக மாரிகாலத்துக் குழந்தைக்கு முதல் ஆசிரியையாக இருந்து வந்திருக்கின்றாள். அவள் கற்பித்தவற்றுக்கு ஏடில்லை, விலையுமில்லை. ஆயினும், அவற்றுள் ஓர் ஒழுங்கு இருந்தது.

குழந்தையின் குறும்பைச் செல்வமாக எண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டிலே, உணவுக் கலத்தில் கையிட்டுத் தொட்டும் கௌவியும் துழாவியும் நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் மகவைக் காட்டி, அத்தகைய மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்கின்றான். தன் மக்கள் சிறுகையால் அளாவிய கூழ் அமிழ்தினும் இனிது என்பது வள்ளுவர் கருத்து. இவ்விரு புலவரும் போற்றுவது அடங்கியிருக்கும் குழந்தையையன்று. அளைந்து சிந்தும் குழந்தையையே. தொடுதல், கௌவுதல், துழாவுதல் என அரசன் எண்ணிச் சொன்ன செயல்கள், உலகை அறிதற்கு மகவு கையாளும் வழிகள் என்று இன்றைய உளநூலார் கூறுவனவே யாகும்.

குழந்தையின் வளர்ச்சிக்கேற்ற விளையாட்டுகளின் வரிசையொன்றும் தமிழிலே அமைந்துள்ளது. அதுவே பிள்ளைத்தமிழின் பருவ வைப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டிலே குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் ஈறாகவும் அதற்குப் பின்னும் எழுந்த நூல்கள் பலவும் பத்துப் பருவங்களைப் பாடுகின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கு உரியன. அம்மானை, நீராடல், ஊசல் போல்வன பெண்பாற்கு உரியன. இவற்றை மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரையுள்ள ஒற்றைத் திங்கள்களில் வைத்துப் பாடுக எனப் பாட்டியலார் விதிப்பர்; சிற்சில வேறுபாடுகளும் உள.

புலவர் விதித்த இவ்வரிசையை இக்கால அளவைகளோடு வைத்து நோக்குதல் பயனுடைத்து. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமுடன் வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களது உடலசைவு வளர்ச்சியின் எல்லைகளை 2006இல் வெளியிட்டது. அதன்படி, பற்றுக்கோடின்றி இருத்தல் 3.8 திங்களுக்கும் 9.2 திங்களுக்கும் இடையிலும், கைகளையும் முழந்தாள்களையும் ஊன்றித் தவழ்தல் 5.2 திங்களுக்கும் 13.5 திங்களுக்கும் இடையிலும், தானே நடத்தல் 8.2 திங்களுக்கும் 17.6 திங்களுக்கும் இடையிலும் கைகூடுகின்றன. செங்கீரை ஐந்திலும், சப்பாணி ஒன்பதிலும், வருகை பதின்மூன்றிலும் வைக்கப்பட்டமை இவ்வெல்லைகளோடு ஒத்துச் செல்லுதல் காணலாம். அன்றியும், ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் பல திங்கள் வேற்றுமை இருத்தல் இயல்பே என்பதும் இதனாற் புலனாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது என்று கவலையுறும் தாய்க்கு இவ்வெண்கள் ஆறுதல் தருவன.

பிறந்த குழந்தைக்கு முதல் விளையாட்டுப் பொருள் தாயின் முகமே. அதன் கண்ணுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ளவையே தெளிவாகத் தோன்றும். மார்பில் அணைத்துப் பாலூட்டும் தாயின் முகம் அத்தூரத்திலேதான் அமைகின்றது. குரலோ அதனினும் முந்தியது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் தாயின் குரலைப் பிற பெண்டிர் குரலினின்றும் பிரித்தறிந்து, அதனைக் கேட்கும் பொருட்டுத் தாம் சூப்பும் முறையையே மாற்றிக்கொள்கின்றன என்பது 1980இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றின் முடிபு. ஏணையை ஆட்டி ஓராட்டுப் பாடும் பெத்தம்மா இவ்வாராய்ச்சியை அறிந்தவளல்லள். ஆனால், கூரையில் மழை இரையும்போது அவள் குரலைச் சற்றே உயர்த்துவாள், குழந்தை காலுதைத்தால் பாட்டை நிறுத்தி, "என்ன மகள், என்ன சொல்றாய்?" என்று கேட்பாள், குழந்தை ஏதோ ஓசை எழுப்பிய பின்னரே பாட்டைத் தொடர்வாள். அழைப்பும் மறுமொழியுமாக அமைந்த அவ்வுரையாடலே மொழிக்கல்வியின் தொடக்கம்.

குழந்தையை நாள் முழுவதும் ஏணையிற் கிடத்துதல் மாத்திரம் தகாது. விழித்திருக்கும் வேளையிலே தரையில் விரித்த பன்பாயில் அதனைக் குப்புறக் கிடத்திப் பழக்குதல் வேண்டும். தவழத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல வேளையாகப் பகுத்து, இப்பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிற் கூறியுள்ளது. உறங்கும்போது மல்லாக்கக் கிடத்துதலே காப்பானது. குப்புறக் கிடத்துதல், பெரியவர் ஒருவர் அருகிருந்து காணும் விழிப்பு வேளைக்கே உரியது. அவர் தாமும் பாயிற் படுத்து, குழந்தையின் முகத்துக்கு நேரே தம் முகத்தை வைத்தல் நன்று. அவரைக் காணவேண்டித் தலையை உயர்த்தும் குழந்தையின் கழுத்தும் தோளும் வலுப்பெறுகின்றன. செங்கீரை ஆடுக என்று பிள்ளைத்தமிழ்த் தாய் வேண்டுவதும் இதனையே. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலைநிமிர்ந்து அசைதலே அவ்வாட்டம்.

கிலுகிலுப்பையின் பழமை பெரிது. சுட்ட மண்ணாற் செய்து உள்ளே சிறு உருண்டைகள் இட்ட கிலுகிலுப்பைகள் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கருவி மாறாதிருப்பதன் காரணம் எளிது. கை அசைந்தால் ஒலி எழுகின்றது. கை ஓய்ந்தால் ஒலியும் ஓய்கின்றது. தன் செயலாலே உலகில் ஒன்று நிகழ்கின்றது என்னும் பேருண்மையைக் குழந்தை அதிலே கற்கின்றது. மூடி இறுகப் பூட்டிய சிறு போத்தலிற் சிறிதளவு அரிசி இட்டாலும் அதே பாடம் கிடைக்கும். தானே ஒலித்து, தானே ஒளிர்ந்து, தானே ஓடும் மின்கலப் பொம்மை விலையுயர்ந்ததாயினும் இப்பாடத்தைத் தருவதன்று. அதன் முன்னே குழந்தை வெறும் பார்வையாளனாகவே இருக்கின்றது.

ஏழு திங்கள் கடந்து உட்காரப் பழகிய பின்னர் விளையாட்டு வேறு வகையாகின்றது. இரு கைகளையும் சேர்த்துச் சப்பாணி கொட்டுதல், முன்னும் பின்னும் சாய்ந்தாடுதல், பெரியவர் முந்தானையால் முகத்தை மறைத்துப் பின் வெளிப்படுத்தல் ஆகியவற்றிற் குழந்தை அளவிலா இன்பம் காண்கின்றது. இவற்றுள் முகமறைப்பு விளையாட்டு ஆழமான பொருளுடையது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பதை மகவு மெல்ல மெல்லவே அறிகின்றது என்பதும், ஏறத்தாழ எட்டு ஒன்பது திங்களளவில் மறைத்த பொருளைத் தேடத் தொடங்குகின்றது என்பதும் சுவிற்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் பியாசே தம் சொந்தக் குழந்தைகளை உற்றுநோக்கிக் கண்ட உண்மைகள்; அவற்றை அவர் 1937இல் நூலாக வெளியிட்டார். முந்தானைக்குப் பின்னே மறைந்த முகம் மீண்டும் சிரித்துக்கொண்டு வரும்போது, போனது திரும்பி வரும் என்னும் நம்பிக்கை குழந்தையின் நெஞ்சில் வேரூன்றுகின்றது. தாய் கிணற்றடிக்குச் சென்றால் திரும்பி வருவாள் என்பதையும் அது அவ்வாறே தெளிகின்றது.

இப்பருவத்துப் பிள்ளைக்கு அடுக்களையே பெரிய விளையாட்டுச் சாலை. விளிம்பு தேய்த்து மழுப்பிய சிரட்டைகள் மூன்று, பனையோலைப் பெட்டி ஒன்று, மரக்கரண்டி ஒன்று, பழைய அலுமினியப் பானை ஒன்று ஆகியவற்றைப் பாயிற் பரப்பிவைத்தால் அரைமணி நேரம் எளிதிற் கழியும். போடுதல், எடுத்தல், தட்டுதல், கவிழ்த்தல் என்னும் நான்கையும் பிள்ளை ஓயாது செய்யும். பொருளை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டுப் பெரியவர் முகத்தைப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் மீண்டும் போடும். இது பிடிவாதமன்று, சோதனை. பொருள் ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கித்தான் விழுகின்றதா, பெரியவர் ஒவ்வொரு முறையும் எடுத்துத் தருகின்றாரா என்னும் இரண்டையும் பிள்ளை ஒருங்கே ஆராய்கின்றது. பத்து முறை எடுத்துக் கொடுத்தவர் பதினோராம் முறை முகஞ்சுளித்தாற் பிழையில்லை. பத்து முறை கொடுத்தமையே பெரிது.

தளர்நடை தொடங்கும் பருவத்துக்கு உரியது நடைவண்டி. தச்சர் செய்த அழகிய சிறுதேரை உருட்டித் தளர்ந்து நடந்த புதல்வர், அவ்வருத்தம் தீரச் செவிலியைத் தழுவிப் பாலுண்டு உறங்கும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. பட்டினப்பாலையில் மூன்று உருளையுடைய சிறுதேர் வருகின்றது. இவை ஏறி ஊரும் தேர்களல்ல. பின்னின்று தள்ளும் தேர்கள். பிற்கால நடைவண்டியும் இதே அமைப்பினது. பிள்ளை தன் காலில் தானே நின்று, தன் நிறையைத் தானே தாங்கி, தள்ளி நடக்கின்றது. இதற்கு மாறாக, வட்டச் சட்டத்தின் நடுவே பிள்ளையை இருத்தி உருளவிடும் கருவிகள் கடைகளில் மலிந்துள்ளன. படிகளில் உருண்டு வீழ்தல் முதலாய விபத்துக்களுக்கு அவை காரணமாதலின், கனடா நாடு 2004இல் அவற்றை விற்பதையும் தடைசெய்தது. நடை பயிலுதலையும் அவை விரைவுபடுத்துவதில்லை. நடைவண்டி கிடையாத வீட்டிலே பாரமான மரப்பெட்டியொன்றைத் தள்ளுதலும், சாக்குக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருதலும் போதுமானவை.

ஒன்றரை ஆண்டு கடந்த பிள்ளைக்கு வெறும் பொருள் போதாது; வேலையும் வேண்டும். தாய் அரிசி புடைத்தால் தானும் புடைக்க விரும்பும். தரை கூட்டினால் தானும் விளக்குமாற்றை இழுக்கும். இவ்விருப்பத்தைக் கல்வியின் அடிப்படையாக அமைத்தவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார். 1907இல் உரோமை நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியொன்றில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலே, நீர் வார்த்தலும் துடைத்தலும் பொத்தானிடுதலும் பாடங்களாயின. 1939இல் அடையாற்றுக்கு வந்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி நடத்தினார். மாரிகாலத்து மட்டக்களப்பு வீட்டிலே அவர்தம் பாடத்தை நடத்தச் சிறப்புக் கருவி வேண்டுவதில்லை. சுளகொன்றிற் சிறிது நெல்லைப் பரப்பி இரண்டு சிரட்டைகளைக் கொடுத்தால், பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வார்த்துக்கொண்டிருக்கும். சிந்தியதை மீண்டும் பொறுக்குதல் விளையாட்டின் இரண்டாம் பகுதி. பிட்டுக்குக் குழைக்கும் மாவில் ஓர் உருண்டை கொடுத்தால் உருட்டும், தட்டும், நீட்டும். பெத்தம்மா அரிசி களையும்போது வேறொரு பாத்திரத்திற் சிறிது நீரும் ஒரு கரண்டியும் கொடுத்து அருகில் இருத்தினால், அவளும் தன் வேலையை முடிப்பாள். பிள்ளையும் தன் வேலையை முடித்த பெருமிதம் கொள்ளும்.

அம்புலியை அழைத்துக் காட்டும் பருவம் இதுவே. மாரி இரவிலே முகிலிடை அம்புலி வாராது. அவ்விரவுக்கு ஏற்றது சுவரில் நிழல் காட்டும் ஆடல். மின்சாரம் தடைப்பட்ட வேளையிற் கையிற் பிடிக்கும் மின்விளக்கின் முன்னே விரல்களை மடக்கி நாயும் கொக்கும் முயலும் காட்டினால், இருளுக்கு அஞ்சும் பிள்ளையும் இருளை விரும்பத் தொடங்கும். எரியும் குப்பி விளக்கைக் கொண்டு இதனைச் செய்தல் ஆகாது.

சொல் வளருதற்குரிய விளையாட்டுகளும் பெத்தம்மாவின் மடியிலே உண்டு. பிள்ளையின் உள்ளங்கையிற் கீரை கடைவது போலக் காட்டி, ஒவ்வொரு விரலுக்கும் உறவுப்பெயர் சொல்லிச் சோறு பகிர்ந்து, பின்னர் நண்டு ஊர்வது போல விரல்களாற் கைவழியே ஊர்ந்து அக்குளிலே கூச்சங்காட்டும் விளையாட்டைத் தமிழ்கூறும் நாடெங்கும் காணலாம். அடுத்து வருவது யாதென முன்னரே அறிந்திருந்தும், நண்டு அருகே வர வரப் பிள்ளை மூச்சடக்கிக் காத்திருக்கும். எண்ணும் உறவும் எதிர்பார்ப்பும் ஒரே விளையாட்டில் அடங்கியுள்ளன. குழந்தைத் தோட்டம் என்னும் பள்ளிமுறையை வகுத்த ஜேர்மனிய ஆசிரியர் புரோபெல், தாய்மார் குழந்தையுடன் ஆடும் இத்தகைய விரல் விளையாட்டுகளைக் கல்வியின் முதற்படியெனக் கொண்டு 1844இல் நூலொன்றை வெளியிட்டார். மூதாட்டியர் வாய்மொழியாகப் பேணியதை அவர் ஏட்டில் ஏற்றினார். மட்டக்களப்பிலும் அத்தகைய பணி நடைபெற்றுள்ளது. இந்நாட்டின் மொழியையும் வழக்கங்களையும் தொகுத்து 1964இல் வெளிவந்த பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஆயினும், ஏட்டிலுள்ள பாட்டு தானே குழந்தையைத் தாலாட்டாது. அதனைப் பாடும் வாய் வேண்டும்.

காப்புப் பருவத்தை முதலில் வைத்த புலவர், விளையாட்டினும் முந்தியது பாதுகாப்பு என்று அறிந்தே வைத்தனர் போலும். மூன்று ஆண்டு நிரம்பாத பிள்ளை கைக்கு எட்டியதை வாயிலிடும். ஆதலால், புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சோழி, நாணயம், கச்சான் பருப்பு ஆகியன எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த எப்பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடும். செந்நிறமும் கருநிறமும் கலந்த குன்றிமணி கண்ணைக் கவர்வது. ஆனால், மென்றுவிட்டால் உயிருக்கே ஊறு செய்யும் நஞ்சுடையது. சிறு வட்ட மின்கலங்களை விழுங்கினால் அவை உணவுக்குழாயைச் சில மணி நேரத்திற்குள் அரித்துவிடும். குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தல் பெருந்தவறு. மாரிகாலத்தில் நீர் பிடிக்க வைத்த வாளியிலும் ஆபத்துண்டு. சில அங்குல நீரிலும் சிறு பிள்ளை தலைகீழாக வீழ்ந்தால் எழ இயலாது. கிணற்றுக்குக் கட்டும் வீட்டுக்குப் படலையும் இருத்தல் அவசியம். பகலிலும் கடிக்கும் நுளம்பு டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் பருவமாதலின், பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும்.

இனி, தொடக்கத்திற் குறித்த கைத்தொலைபேசியை ஆராய்தல் தகும். 2003இல் அமெரிக்காவின் வாசிங்ரன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு ஒளி தருகின்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது திங்கட் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் வந்து கதை படித்தும் விளையாடியும் காட்டினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலிவேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர் அதே பேச்சைப் பேசுவதாகப் பதிவுசெய்த படத்தை வேறு குழந்தைகளுக்குக் காட்டியபோது அவை யாதும் கற்றில. ஒலியும் ஒன்று, உருவும் ஒன்று. குறைந்தது மறுமொழி ஒன்றே. குழந்தை நோக்கினால் திரும்ப நோக்குவதும், குழந்தை சிரித்தால் தானும் சிரிப்பதும் பதிவுசெய்த படத்துக்கு இயலாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, இரண்டு ஆண்டு நிரம்பாத பிள்ளைக்குத் திரைப்பொழுது வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் நன்று என்றும் வரையறுக்கின்றது.

ஆயின், இந்நாட்டின் நிலையறிந்து இவ்விதியைப் பயன்படுத்துதல் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்கள் பலவற்றிலிருந்து தாய்மார் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்தம் சிறு பிள்ளைகள் பெத்தம்மாவிடம் வளர்கின்றனர். அப்பிள்ளைக்குத் தாயின் முகத்தைக் காட்டுவது அக்கைத்தொலைபேசியே. அதுவும் தீதோ என்னும் ஐயம் எழலாம். 2014இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. இரண்டு முதல் இரண்டரை ஆண்டுப் பிள்ளைகள், திரைவழியே நேரடியாகப் பேசி மறுமொழி கூறிய ஒருவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றனர். பதிவுசெய்த படத்திலிருந்து கற்றிலர். ஆகவே, குற்றம் திரையினுடையதன்று, மறுமொழியின்மையினுடையதே. தொலைதூரத்துத் தாய் திரையிலே முந்தானையால் முகம் மறைத்து விளையாடும்போதும், பெத்தம்மா பிள்ளையை மடியில் இருத்தி, "அம்மா எங்க?" என்று கேட்கும்போதும், கடலுக்கு அப்பாலும் அவ்வுறவு வளர்கின்றது.

வறிய வீட்டிலே இவற்றால் என்ன பயன் விளையும் என்று கேட்பார்க்கு யமேக்கா நாட்டு வரலாறு விடையாகும். 1986, 1987ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுத் தலைநகராகிய கிங்ஸ்ரனிலே, ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய, ஒன்பது முதல் இருபத்துநான்கு திங்கள் வரையான 129 குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர் வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றனர். அவர்கள் பணமும் பொன்னும் கொண்டு செல்லவில்லை. வீட்டிற் கழிக்கப்பட்ட பொருள்களாற் செய்த விளையாட்டுக் கருவிகளைக் கொண்டுசென்று, குழந்தையோடு எங்ஙனம் பேசி விளையாடுவது என்பதைத் தாய்மாருக்குக் காட்டினர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகள் வளர்ந்து தொழில் புரிந்தபோது, அவ்வுதவி பெறாதாரினும் 25 சதவீதம் மிகுதியாக ஊதியம் பெற்றனர் என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. சிரட்டையும் கரண்டியும் கொண்டு ஆடிய ஆட்டத்தின் விளைவு இத்துணைத் தொலைவு செல்கின்றது.

ஆசிரியர்க்கும் இது தொலைவான செய்தியன்று. முதலாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளை வெறும் பலகையாக வருவதில்லை. கேட்டால் விடைசொல்லும் பழக்கமும், விழுந்ததை மீண்டும் எடுத்து அடுக்கும் பொறுமையும், தாய் திரும்பி வருவாள் என்னும் துணிவும் அதற்கு முந்தைய ஐந்து மாரிகளில் வீட்டுக்குள்ளே உண்டானவை. அவை உண்டாகாதிருப்பின் எழுத்தறிவிப்பவர் இருமடங்கு உழைக்க வேண்டியிருக்கும். விடுமுறையில் வீடு செல்லும் மாணாக்கர்க்கும் இதிற் பங்குண்டு. தம்பிக்கும் தங்கைக்கும் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அகலாமல், பாயில் அரைமணி நேரம் உடனிருத்தல் அவர்களால் இயலுவதே. இவை பெண்டிர்க்கே உரியன என்று தந்தையரும் மாமன்மாரும் ஒதுங்குதல் நன்றன்று. நிழலில் நாய் காட்டுதற்கும் விரலில் நண்டு ஊர்தற்கும் ஆண் பெண் வேறுபாடில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியிலே இந்நாட்டின் கூரைகள் பறந்தன, தென்னஞ்சோலைகள் வீழ்ந்தன. 2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்திலே பல்லாயிரம் குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபங்களிற் பாய் விரித்தன. அத்தகைய நாளிலே மின்சாரமில்லை, கடையுமில்லை, வாங்கிய பொம்மை வெள்ளத்தோடு போயிற்று. மடியும் குரலும் பத்து விரல்களும் மாத்திரமே எஞ்சுவன. ஒரு சிறு மகவுக்கு அவை போதும். அவற்றைக் கொடுப்பவர் அதன் அருகில் இருத்தலே வேண்டற்பாலது.